கரப்பானுக்கு எத்தனை முத்து

அடியையும் உயிரையும் கூட்டு, இரண்டால் வகு, வருவதுதான் விலை. ஒரு மிருகத்தின் பலத்தைக் கண்டுபிடிக்க இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம் என்று எங்கள் மாடி வீட்டு அண்ணா தீர்மானம் செய்திருந்தான். அந்த ஒற்றைக் கணக்கை வைத்துக்கொண்டு ஒரு கோடை விடுமுறை முழுக்க அவன் என்னைப் படுத்திய பாட்டை நினைத்தால், இத்தனை வருஷம் கழித்தும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நேரில் அவனுக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையை எல்லாம் அப்போதே கொடுத்தாயிற்று. இங்கே அவன் என்றுதான் எழுதப்போகிறேன்.

மயிலாப்பூரில் குளத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி எங்கள் ஃபிளாட். மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. தொண்ணூறுகள் முடியப்போகிற சமயம். அவன் பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருந்தான். நான் எட்டு முடித்து ஒன்பது போகவேண்டியவள். என் தம்பி ஒரு வகுப்பு கீழே. அந்த வருஷம் அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வந்த அவனுடைய சித்தப்பா பையன், திரும்பிப் போகும்போது ஒரு பாக்கெட் சீட்டை இவனிடம் விட்டுப் போயிருந்தான். ரம்மி சீட்டு இல்லை. ஒவ்வொரு அட்டையிலும் ஒரு விசித்திர மிருகம், கீழே பொடி எழுத்தில் ஏதோ வாசகம், மூலையில் இரண்டு எண்கள், நடுவில் ஒரு சாய்கோடு.

முதல் நாள் அந்த எண்களை நாங்கள் மார்க் என்றே நினைத்தோம். ஐந்துக்கு ஐந்து வாங்கிய மிருகம் சென்டம் என்றும், மூன்றுக்கு ஒன்று வாங்கியது ஃபெயில் என்றும் என் தம்பி பிரித்து அடுக்கினான். நாலுக்குக் கீழே இரண்டு இருந்த ஒரு ஓநாயைப் பார்த்து, இரண்டு மார்க் கேள்விக்கு நாலு மார்க் எப்படிப் போட்டார்கள் என்று குழம்பினோம். சித்தப்பா பையனோடு போனில் பேச இவனுக்குக் கிடைத்த இரண்டு நிமிஷத்தில், முதல் எண் அது கொடுக்கும் அடி, இரண்டாவது அது தாங்கும் உயிர் என்பது மட்டும் தெரியவந்தது. மீதி விதிகளை எல்லாம் அவனே உண்டாக்கினான். ஆனால் எதையும் தன் சொந்தச் சரக்கு என்று சொல்லமாட்டான். "அங்க இப்படித்தான் ஆடறா" என்பான். அங்கே எப்படி ஆடுகிறார்கள் என்று போய்ப் பார்த்தவள்போல நான் மறுத்துப் பேச முடியுமா?

அந்தப் பாக்கெட்டை வைத்து மூன்று நாலு பேர் ஆட முடியாது. பாண்டி பஜார் முழுக்கத் தேடிவிட்டு வந்தான். கடைக்காரர்கள் கிரிக்கெட் ஆட்டக்காரர்களின் படம் போட்ட சீட்டைத்தான் எடுத்து நீட்டினார்களாம். அதனால் நாமே கார்டு செய்துகொள்வது என்று முடிவானது. அந்த முடிவினால்தான் நான் ஆட்டத்துக்குள்ளேயே வந்தேன். என் ஆட்டத்துக்காக இல்லை. எங்கள் வீட்டில் கல்யாணப் பத்திரிகைகள் குவிந்து கிடந்தன. அப்பாவுக்கு அடையாறிலிருந்து வடபழனி வரைக்கும் தெரிந்தவர்கள், வைகாசி முகூர்த்தத்துக்கு முன்னால் வாரத்துக்கு நாலைந்து பத்திரிகை வரும். நல்ல கெட்டி அட்டை. மஞ்சள் தடவிய மூலையை வெட்டிப் போட்டுவிட்டு, இரண்டு அட்டையை மைதா பசையால் முதுகோடு முதுகு ஒட்டினால் அருமையான கார்டு. அதோடு எங்கள் அம்மா அப்போதுதான் வருஷத்துப் புளியை ஆய்ந்து முடித்திருந்தாள். ஆட்டத்துக்குப் புளியமுத்தும் வேண்டியிருந்தது. அட்டை, பசை, முத்து மூன்றும் என் மூலமாக வந்ததால் என்னையும் உட்காரவிட்டார்கள்.

நாலாவது ஆள் எதிர் வரிசைத் தையற்கடைக்காரரின் மகன். என் தம்பி வயது. நன்றாக வரைவான். கோயில் தூணைப் பார்த்து அவன் ஒரு யாளி வரைந்து கொண்டுவந்தான், பல்லும் பிடரியுமாக. அட்டையைத் தொடவே பயமாக இருக்கும்.

ஆட்டம் சிக்கலானது இல்லை. இரண்டு இரண்டு பேராக, அவரவர் சீட்டுக்கட்டிலிருந்து கைக்குச் சீட்டு உருவிக்கொண்டு ஆடுவோம். ஒவ்வொருவருக்கும் ஒரு கோட்டை, அந்தக் கோட்டைக்குப் பத்து உயிர். முதல் சுற்றில் உங்களுக்கு ஒரு முத்து, இரண்டாவதில் இரண்டு, இப்படியே ஏறி எட்டில் போய் நிற்கும். கையில் இருக்கும் மிருகத்தைத் தரையில் இறக்க, அதன் விலைக்கு முத்து வைக்கவேண்டும். மீந்த முத்தை அடுத்த சுற்றுக்குச் சேர்த்து வைக்கமுடியாது. இறங்கிய மிருகம் எதிராளியின் கோட்டையை அடிக்கலாம். எதிராளி விரும்பினால் தன் மிருகம் ஒன்றைக் குறுக்கே விட்டுத் தடுக்கலாம். எவர் கோட்டை முதலில் சாய்கிறதோ அவர் தோற்றார்.

புதுக் கார்டு எதுவானாலும் முதலில் மாடி வீட்டு அண்ணாவின் கைக்குப் போகவேண்டும். மொட்டை மாடிக்குப் போகும் படியின் கடைசித் திருப்பத்தில் உட்கார்ந்து ஆடுவோம். தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழுந்து அந்த மொசைக் தரை மட்டும் ஜில்லென்று இருக்கும். அவன் எல்லோருக்கும் மேல் படியில் உட்கார்ந்து, கார்டைத் தூரப் பிடித்துப் பார்த்து, அடியையும் உயிரையும் கூட்டி, இரண்டால் வகுத்து, பென்சிலால் மூலையில் விலை போடுவான். யாளிக்கு அடி எட்டு, உயிர் எட்டு, விலை எட்டு முத்து. அவனுடைய இரும்பு யானைக்கு ஏழும் ஒன்பதும், அதுவும் எட்டு. என் தம்பியின் கொம்பு வைத்த சிங்கத்துக்கு ஆறு. எல்லோரிடமும் ஒரு முத்து விலையில் காக்கைகள் உண்டு. அடி ஒன்று, உயிர் ஒன்று. பறந்து போய்விடுவதால் அவற்றைத் தடுக்கமுடியாது.

நான் கரப்பான் பூச்சி வரைந்தேன். எங்கள் சமையலறைத் தொட்டிமுற்றத்தில் அதை எத்தனையோ தடவை விளக்குமாற்றால் அடித்து, செத்தது என்று தள்ளிவிட்டு வந்தால், மறுபடி மீசையை ஆட்டிக்கொண்டு நிற்கும். அடி ஒன்று, உயிர் ஒன்று என்று போட்டு, கீழே ஒரு வரி எழுதினேன்: 'செத்தால் கைக்குத் திரும்பி வரும்.'

அவன் கார்டை வாங்கிப் பார்த்தான். சிரித்தான். என் தம்பியும் சிரித்தான், அவன் சிரித்ததால். ஒன்றும் ஒன்றும் இரண்டு, வகுத்தால் ஒன்று, விலை ஒரு முத்து. கீழே எழுதியிருந்த வரியை அவன் படித்தானா என்றுகூட எனக்குச் சந்தேகம். வரிக்கு மார்க் கிடையாதா என்று கேட்டேன். எண்தான் கணக்கு, வரிப்படி வேண்டுமானால் ஆடிக்கொள், விலைக்கு அதெல்லாம் சும்மா அழகுக்கு என்றான்.

நான் கார்டை வாங்கி என் சீட்டுகளோடு சேர்த்தேன். எனக்கு அந்த வரி போதும் என்று தோன்றியது. எப்படித் தோன்றியது என்று கேட்டால் பெரிய மேதைத்தனம் ஒன்றும் இல்லை. எட்டு முத்து விலையுள்ள யாளி கையில் இருக்கிறது என்றால், எட்டாவது சுற்றுவரை உன் கையில் இருப்பது வெறும் படம். அதுவரை உன் கோட்டை திறந்து கிடக்கிறது. அப்படியே வந்தாலும், சுற்றுக்கு ஒரு தடவைதான் அது அடிக்கும். அந்த ஒரு அடியின் குறுக்கே ஒரு முத்துப் பூச்சியை விட்டால் பூச்சி சாகும், கைக்கு வரும், அடுத்த சுற்றில் ஒரு முத்து வைத்தால் மறுபடி வந்து நிற்கும். யாளியின் எட்டு அடியும் ஒரு முத்துக்குச் செலவாகிவிடும். மீதி ஏழு முத்துக்கு நான் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். ஒரு மிருகத்தின் பலம் அதன் மூலையில் எழுதியிருக்கும் எண்ணில் இல்லை. எப்போது இறங்குகிறது, எதிரில் யார் நிற்கிறார்கள், செத்த பிறகு என்ன ஆகிறது, இதையெல்லாம் பார்க்கவேண்டும். பதிமூன்று வயதில் இதை இவ்வளவு கோர்வையாகச் சொல்ல எனக்கு வராது. ஆனால் ஆடத் தெரிந்தது.

ஆடினேன். யாளி வந்து இறங்குவதற்குள் என் காக்கைகள் தையற்கடைக்காரர் மகனின் கோட்டையில் பாதிக்கு மேல் கொத்தியிருந்தன. வந்த யாளி பூச்சியை மிதித்தது. மறுபடி பூச்சி. மறுபடி மிதி. அவன் விழுந்து விழுந்து சிரித்தான், தோற்றுக்கொண்டே. தம்பியின் சிங்கமும் அப்படியே ஆயிற்று. கடைசியாக மாடி வீட்டு அண்ணாவின் இரும்பு யானை. அவன் சிரிக்கவில்லை.

"லக்" என்றான்.

எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. அவன் வாயால், நீ நல்லா ஆடற என்று ஒரு தடவை சொல்லவேண்டும். என் தம்பி ஒரு சிங்கத்தைச் சரியான நேரத்தில் இறக்கிவிட்டால்கூட 'சூப்பர்டா' என்று முதுகில் தட்டுவான். அந்தத் தட்டு எனக்கு வேண்டாம். அந்த வாக்கியம் வேண்டும். முத்தும் பசையும் கொண்டுவருகிறவளாக இல்லாமல், ஆடுகிறவளாக அங்கே உட்காரவேண்டும். பிற்பாடு நான் எத்தனையோ பேரிடம் எத்தனையோ பாராட்டு வாங்கியிருக்கிறேன், எதற்கும் இவ்வளவு ஏங்கியதில்லை.

மறுநாளும் ஜெயித்தேன். அதற்கும் மறுநாள் அவன் ஒரு அறிவிப்புச் செய்தான். கார்டு ரொம்பப் பலமாக இருக்கிறதாம். கணக்கில் தப்பில்லையாம், இது ஒரு ஸ்பெஷல் கேஸாம். ரப்பரால் என் ஒன்றை அழித்து மூன்று போட்டான். கரப்பான் பொதுக் கார்டு, இனி யார் வேண்டுமானாலும் வரைந்துகொள்ளலாம் என்றும் சொன்னான். எல்லோரும் என் வீட்டு அட்டையில் என் வீட்டுப் பசையை வைத்துக்கொண்டு கரப்பான் வரைந்தார்கள். தையற்கடைக்காரர் மகன் வரைந்த கரப்பான் என்னுடையதைவிட நன்றாக இருந்தது. அது வேறு எனக்கு எரிச்சல்.

ஆனால் அந்தக் கரப்பான்களை வைத்துக்கொண்டு அவர்கள் செய்ததைப் பார்க்கவேண்டும். மூன்று பேரும் கரப்பானை இறக்கியதும் அடிக்க அனுப்பினார்கள். ஒரு அடி அடிக்கிற பூச்சியை இரும்பு யானையின் முன்னால் சண்டைக்கு அனுப்பினால் என்ன ஆகும்? செத்தது, கைக்கு வந்தது, மறுபடி முத்து, மறுபடி சாவு. சுற்றுச் சுற்றாக முத்தை அதற்கே கொட்டி அழுதார்கள். குறுக்கே விடுங்கள், தடுக்க வையுங்கள் என்று நான் சொன்னேன். எனக்கு எதிராக ஆடுகிறவர்களுக்கே சொல்லிக்கொடுத்தேன், அந்த அளவுக்குப் பொறுக்கமுடியவில்லை. "தடுத்துண்டே இருந்தா எப்ப ஜெயிக்கறது?" என்று கேட்டான் அவன். நான் நேற்றும் முந்தாநாளும் அப்படித்தானே ஜெயித்தேன் என்று சொன்னது காற்றோடு போயிற்று.

அவர்கள் தோற்றதும் விலை இறங்கியது. இந்தப் பூச்சியில் ஒன்றுமில்லையே என்று மூன்றை அழித்து இரண்டு போட்டான். அந்த இரண்டில் நான் ஜெயித்தேன். மறுபடி மூன்று. என் கார்டின் மூலை ரப்பர் பட்டுப் பட்டு அழுக்காகி, மேல் தாள் உரிந்துவிட்டது.

இதற்கு நடுவில்தான் தண்ணி லாரி விஷயம் நடந்தது. அந்த வருஷம் எங்கள் தெருவில் அடி பம்பில் காற்றுதான் வந்துகொண்டிருந்தது. லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் ஓடவேண்டும். நான் தம்பியோடு ஆடிக்கொண்டிருந்தேன். அவன் கோட்டையில் இன்னும் இரண்டு உயிர்தான். என் முன்னால் இரண்டு காக்கை, ஒரு கரப்பான். அடுத்த சுற்று ஆட்டம் முடிந்துவிடும். கீழேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"ஏண்டி, லாரி வந்துடுத்து. அவா ஆடிண்டிருக்கட்டும், நீ குடத்தை எடுத்துண்டு வா."

தம்பியையும் கூப்பிடலாமே என்று அம்மாவுக்குத் தோன்றவில்லை. தம்பிக்கும் தோன்றவில்லை. என் கையை அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டு, யாரும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு ஓடினேன். குடமும் பக்கெட்டுமாக வரிசையில் நின்று, கீழ் வீட்டு மாமியோடு இடத்துக்குச் சண்டை போட்டு, இரண்டு மாடி ஏற்றி, நைந்துபோய்த் திரும்பி வந்தால் ஆட்டம் முடிந்திருந்தது. எனக்குப் பதிலாக மாடி வீட்டு அண்ணாவே என் கையை ஆடியிருக்கிறான். நேரம் வீணாகக்கூடாதே என்று. காக்கையைக் கையோடு அனுப்பியிருந்தால் அந்தச் சுற்றிலேயே முடிந்திருக்கும். அதை விட்டுவிட்டு, என் கரப்பானைச் சிங்கத்தின் மேல் மோதவிட்டு, காக்கைகளைத் தடுப்பதற்கென்று நிறுத்தி வைத்து, அவற்றையும் சிங்கத்துக்குத் தின்னக் கொடுத்து, ஜெயித்த ஆட்டத்தைத் தோற்றுக் கொடுத்திருந்தான்.

நான் கத்தினேன். பாவாடை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்று கத்தினேன். அவன் என்னை ஏறெடுத்துக்கூடப் பார்க்காமல், "நீ இல்லாதப்போதான் கார்டோட உண்மையான பலம் தெரிஞ்சுது" என்று சொல்லி, மூன்றை அழித்து ஒன்று போட்டான்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது தம்பியை ஒரு கேள்வி கேட்டேன். நீங்கள் எல்லோரும் அதே பூச்சியை வைத்துத் தோற்கிறீர்கள், நான் ஜெயிக்கிறேன், ஏன் என்று நினைக்கிறாய்? அவன் மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டே யோசித்துவிட்டு, உனக்கு நல்ல சீட்டாக வருகிறது என்றான். எனக்கு அவன் தட்டைப் பிடுங்கி எறியவேண்டும்போல இருந்தது.

அவனைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. எங்கள் வீடுகளில் எல்லாவற்றுக்கும் எண் உண்டு. யார் மாமா பையனுக்கு என்ன மார்க், யாருக்கு என்ன ரேங்க், யாருக்கு எந்த குரூப் கிடைத்தது. எண்ணைச் சொல்லிவிட்டால் ஆளைச் சொன்னமாதிரி. மாடி வீட்டு அண்ணாவே தன் எண் எப்போது வரும் என்று தினமும் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தான். மூலையில் எண் இல்லாத ஒரு பலம் இருக்கமுடியும் என்பது அவர்கள் தலைக்குள் ஏறவே இல்லை. அது சீட்டில் இல்லையென்றால் லக்கில் இருக்கவேண்டும், லக்கில் இல்லையென்றால் சீட்டில் இருக்கவேண்டும். மூன்றாவதாக ஒரு இடம் இருக்கிறது என்று நான் அவர்கள் முன்னால் உட்கார்ந்து காட்டிக்கொண்டே இருந்தேன்.

கடைசியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. இதற்கு மேல் எவனாலும் தப்பிக்கமுடியாது என்று நினைத்தேன். மறுநாள் போய், நீ என் கார்டுகளை வைத்துக்கொள், நான் உன்னுடையதை வைத்துக்கொள்கிறேன், ஆடிப் பார்ப்போம் என்றேன். கரப்பான், காக்கை எல்லாம் அவன் கைக்குப் போயின. யானையும் மற்ற தடியன்களும் என் கைக்கு வந்தன. தம்பியும் தையற்கடைக்காரர் மகனும் சுவரில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

அந்த ஆட்டத்தை நான் மிகவும் கவனமாக ஆடினேன். யானை வரும்வரை காத்திருக்கவில்லை. அவனுடைய சீட்டுக்கட்டில் அவன் சீண்டிக்கூடப் பார்க்காத இரண்டு முத்து, மூன்று முத்துக் குட்டி மிருகங்கள் கிடந்தன. அவற்றை ஆரம்பத்திலேயே இறக்கி நெருக்கினேன். அவன் கரப்பானை அனுப்பிக்கொண்டே இருந்தான். எட்டாவது சுற்றில் நான் யானையை இறக்கியபோது அது தேவையாகக்கூட இல்லை. ஒரே ஒரு தடவை அடித்தது, கோட்டை சாய்ந்தது.

நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இப்போது சொல்வான். வேறு என்ன சொல்ல முடியும்?

அவன் கார்டுகளைத் திரட்டி, தன்னுடையதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "யானையை வெச்சுண்டா யார் வேணா ஜெயிப்பா" என்றான். அவன் போட்ட எட்டு சரியான விலைதான் என்று இதிலிருந்து தெரிகிறதாம்.

  நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். என் கையில் ஜெயித்தால் கரப்பான் பலம், அவன் கையில் தோற்றால் கரப்பான் பலவீனம், என் கையில் யானை ஜெயித்தால் யானை பலம். இந்த வரிசையில் நான் எங்கே இருக்கிறேன்?

அப்போதுதான் தையற்கடைக்காரர் மகன் வாயைத் திறந்தான். அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை. தோற்றாலும் ஜெயித்தாலும் அவனுக்கு ஒன்றுதான், அடுத்து என்ன வரையலாம் என்பதே அவன் யோசனை.

"பூச்சில இன்னா கீது நைனா, யானைலதான் இன்னா கீது? எல்லாம் இந்தக்கா கையில கீது. எத்தக் குடுத்தாலும் ஆடுது."

 நான் இத்தனை நாள் காத்துக்கொண்டிருந்த வாக்கியம் அதுதான். நான் கேட்க நினைத்த வாயிலிருந்து வரவில்லை, ஆனாலும் அந்த வாய் இருந்த இடத்திலேயே, அது கேட்கும்படி வந்தது. எனக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. சந்தோஷம் என்றே சொல்லிவிடுகிறேன். மாடி வீட்டு அண்ணா தலையை ஆட்டினான். முதல் தடவையாக அவன் முகத்தில் ஏதோ புரிந்த களை வந்தது. ஆமாம், அது சரிதான், ஆளைப் பொறுத்துத்தான் இருக்கிறது என்று அவனே சொன்னான். கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

"அப்போ இவளுக்குத் தனி விலை போடணும்" என்றான்.

யாருக்கும் அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. எவ்வளவு நியாயமாக, எவ்வளவு பொறுமையாக விளக்கினான் என்கிறீர்கள்! ஆட்டம் என்றால் எல்லோருக்கும் ஜெயிக்க வாய்ப்பு இருக்கவேண்டும். ஒரே கார்டு ஒரு கையில் பலமாகவும் இன்னொரு கையில் சாதாரணமாகவும் இருந்தால் விலையும் அப்படித்தானே இருக்கவேண்டும். ஆகவே கரப்பான் மற்றவர்களுக்கு ஒரு முத்து, எனக்கு நாலு முத்து. அங்கேயும் இப்படித்தான் ஆடுகிறார்களா என்று கேட்டேன். அவன் என் கார்டை எடுத்து, ஒன்றை அழித்து நாலு போட்டான். இது அநியாயம் என்றேன். நீதானே இத்தனை நாள் உன் ஆட்டம்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டிருந்தாய், இப்போது ஒப்புக்கொண்டால் அதற்கும் கோபமா என்று என் தம்பி கேட்டான். அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை. தையற்கடைக்காரர் மகன் என்னைப் பார்த்துவிட்டு, அட்டையில் கோடு போடக் குனிந்துகொண்டான்.

எழுந்து போயிருக்கலாம். முத்து டப்பாவைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால் ஆட்டமே நின்றிருக்கும். ஆனால் எனக்கு வீம்பு. நாலு முத்தானாலும் ஆடி ஜெயித்துக் காட்டுகிறேன் என்று உட்கார்ந்தேன். தம்பிதான் எதிரில்.

நாலாவது சுற்றுவரை என்னால் ஒரு கரப்பானைக்கூட இறக்கமுடியவில்லை. காக்கைகளை அனுப்பினேன், கொத்தின. ஆறாவது சுற்றில் அவனுடைய சிங்கம் வந்தது. நாலு முத்து வைத்துக் கரப்பானைக் குறுக்கே விட்டேன். செத்துக் கைக்கு வந்தது. மறுபடி நாலு. மீதி இருந்ததில் உருப்படியாக ஒன்றும் செய்ய முடியவில்லை. அவன் இரண்டாவது சிங்கத்தையும் இறக்கினான். இரண்டு சிங்கம், எனக்கு ஒரு கரப்பான். கெட்டிக்காரத்தனமாக என்னவோ ஒன்று செய்து நான் வேறொரு மிருகத்தை அவன் மேல் ஏவியபோது, அவன் ஒரு முத்து வைத்து இறக்கியிருந்த தன் கரப்பானைக் குறுக்கே விட்டான். அடிக்க அனுப்பவில்லை. குறுக்கே விட்டான். நான் தொண்டை கிழியச் சொல்லிக்கொடுத்தது அவன் காதில் விழுந்துதான் இருக்கிறது. அடுத்த சுற்றிலும் அதையே செய்தான். என் ஆட்டத்தை என் எதிரில் உட்கார்ந்து, என்னைவிட மூன்று முத்து மலிவாக ஆடினான்.

என் கோட்டை சாய்ந்தது. தம்பி குதித்தான். மாடி வீட்டு அண்ணா அவன் முதுகில் தட்டி, நல்லா ஆடினடா என்றான். ரொம்பச் சாதாரணமாக, யோசிக்காமல், வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது.

பிறகு என் கார்டை எடுத்தான். மூலையில் பென்சிலால் போட்டிருந்த நாலைப் பார்த்தான். பேனா இருக்கிறதா என்று தம்பியைக் கேட்டு வாங்கி, அந்த நாலின் மேலேயே அழுத்தி எழுதினான்.

"இப்பதான் கரெக்டா இருக்கு. இனிமே மாத்த வேண்டாம்."